வாகைக் கதவு

ரக்தாட்சி வருஷத்து ஆடியில் காவிரி பெருகியபோது, மோகனூருக்கு மேற்கே ஆற்றை ஒட்டியிருந்த ஆலந்திட்டு என்கிற சிற்றூர் முழுக்கத் தண்ணீருக்குள் போனது. ஆட்களும் ஆடுமாடுகளும் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலில் ஏறித் தப்பித்தார்கள். தண்ணீர் வடிந்து இறங்கி வந்து பார்த்தபோது ஆராயியின் வீடு இருந்த இடத்தில் அடுப்புக் கற்கள் மட்டும் வண்டலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன.

ஆராயிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் சடையன் ஊர்ப் பெரிய வீட்டில் பண்ணையாள். இரண்டு பெண் பிள்ளைகள். சுவர் மண்சுவர்தான், மண் மிதித்து மறுபடியும் எழுப்பிக்கொள்ளலாம். கூரைக்குப் பனையோலை வெட்டிக்கொள்ளலாம். பானை சட்டி போனதும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வண்டலில் நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கதவு போச்சுங்களே."

அவர்கள் தெருவில் கதவு போட்ட வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளுக்கெல்லாம் ஓலையில் பின்னிய படல். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் பெரிய வீட்டுக் கிணற்று மேட்டில் நின்ற வாகை மரம் ஒன்று காற்றில் சாய்ந்தது. சடையனும் பக்கத்து வீட்டுச் சென்றாயனும் அதைப் பலகை பலகையாக அறுத்தார்கள். பெரிய வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். தம் வீட்டு வாசலுக்கு அந்தப் பலகையில் இரட்டைக் கதவு செய்துகொண்டு, மிச்சத்தைச் சடையனைப் பார்த்து, "அறுத்தவன் நீ, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். ஊரில் அப்போது குடியிருந்த வெள்ளியங்கிரி ஆசாரி அந்த மிச்சப் பலகையில் ஒற்றைக் கதவு ஒன்று செய்து கொடுத்தார். கூலிக்குப் பதில் சடையன் அவருக்கு ஒரு கோடை முழுக்க விறகு பிளந்து போட்டான்.

படல் இருந்த காலத்தில் பண்ணை மேஸ்திரி விடியுமுன்னே வந்து தடியால் படலை ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து ஆளை எழுப்புவான். படுத்திருக்கிறவர்கள் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. கதவு போட்ட மறுநாள் காலையில் அவன் வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கதவு திறக்கிற வரைக்கும் நின்றான். அப்படி நில் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஆராயி அதை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வெள்ளம் போய்ப் பல நாள் கழித்து, பெரிய வீட்டுக் களத்தில் சாக்குகளில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சேதி அவள் காதில் விழுந்தது. ஆற்றில் அடித்து வந்து ஒதுங்கிய மரம், மரச்சாமான் எல்லாவற்றையும் காட்டிலாகாக்காரர்கள் சேகரித்து மோகனூர்க் கிடங்கில் அடுக்கியிருக்கிறார்கள். உடையவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் போய் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். கெடு முடிந்தால் கேட்பாரற்றதெல்லாம் சர்க்கார் சொத்து, ஏலத்தில் போய்விடும். தண்டோரா மேலத்தெருவோடு திரும்பிப் போயிருந்தது. இவர்கள் தெருவுக்கு வரவில்லை.

தட்டிய வேலை பாதியில் கிடக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆராயி மோகனூருக்கு நடந்தாள்.

கிடங்கு என்றால் ஆற்றோரத்தில் முள்வேலி போட்ட ஒரு மேடு. காவலுக்கு இருந்தவர் சின்னுசாமி என்கிற வனக் காவலர். நுகத்தடி, ஏர்க்கால், தூண், கட்டில் சட்டம், உடைந்த ஓடத்தின் முனை என்று மூங்கில் குச்சிகளுக்கு நடுவே எல்லாம் கிடந்தன. அதற்கு நடுவே ஒரு கதவு, முகம் மேலே பார்க்கக் கிடந்தது. கரிய வாகை. கீழ்ப்பகுதி ஒடிந்து போயிருந்தது. விளிம்பெல்லாம் கல்லில் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆராயி குனிந்து தொட்டுப் பார்த்தாள். அந்தப் பலகையின் ரேகை அவளுக்குத் தெரியும்.

"இது எங்க கதவுங்க."

சின்னுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கதவா? காலைல பெரிய ஊட்டுக்காரங்க வந்து தங்களுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அவங்க கதவு ரெட்டைக் கதவுங்க. இது ஒத்தைக் கதவு."

"ரெட்டைல ஒண்ணு அடிச்சிக்கிட்டுப் போனா மிச்சம் ஒத்தைதானே?"

 ஆராயி அங்கிருந்து போகவில்லை. சாயங்காலம் ரேஞ்சர் வரும்வரை வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

ரேஞ்சர் நடுத்தர வயதுக்காரர், வேறு ஊர்க்காரர். பொறுமையாகக் கேட்டார். "அடையாளம் ஏதாவது இருக்கிறதா?"

"அடிப்பக்கம் எலி கடிச்சுதுன்னு தகரம் அடிச்சிருந்தமுங்க. அந்தப் பக்கந்தான் ஒடைஞ்சு போச்சு."

"இருந்த அடையாளமும் இல்லாமல் போயிற்று. சரி. இதே கதவுக்கு வேறு ஒருவரும் உரிமை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் வைத்து விசாரித்துத்தான் கொடுக்க முடியும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வா. சாட்சி இருந்தால் அழைத்து வா. பொய்யாகக் கேட்டது தெரிந்தால் வழக்காகும், அதையும் தெரிந்துகொள்."

"பொய் இல்லீங்க சாமி," என்றாள் ஆராயி.

அன்று இரவு ஓலைக் குடிசையில் சடையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏ புள்ள, அவங்க நெலத்துல வேலை செஞ்சு சாப்பிடறோம். அவங்களோட போட்டிக்கு நிக்கலாமா?"

"போட்டி இல்லீங்க. அவங்க மரத்த நாங் கேக்கல. நம்ம கதவுன்னு கேக்கறேன்."

"ஆத்தா என்ன நெனைக்கும்?"

ஆத்தா என்று அவன் சொன்னது பெரிய வீட்டு ஆத்தாயியை. புருஷன் செத்த பிறகு நிலபுலம் முழுவதையும் அந்த அம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். கண்டிப்பான மனுஷி. ஆனால் அளந்து கொடுக்கிற தானியத்தில் ஒரு நாளும் கை குறைந்ததில்லை. மறுநாள் ஆராயி நேரே அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஆத்தா, கெடங்குல கெடக்கற கதவு எங்களுதுன்னு சொல்லியிருக்கறேனுங்க. மறைச்சுச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

ஆத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன் ஆராயி. அது எங்க ஊட்டுக் கதவு. இத்தனை வருசமா அதுல மஞ்சத் தடவுனது நானு."

"நானுந் தடவுனேனுங்க."

"அப்ப வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்," என்றாள் ஆத்தாயி. அந்தக் குரலில் கோபம் இல்லை. விட்டுக்கொடுப்பதும் இல்லை. அவள் மகன் தங்கசாமிதான் உள்ளேயிருந்து வந்து, "வேலைக்கு வர்றவங்களுக்கு இதெல்லாம் நல்லதுக்கில்ல" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

இரண்டு கதவையும் செய்த கை ஒன்றுதான். வெள்ளியங்கிரி ஆசாரி வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆராயி நினைத்தாள். அவர் பிழைப்புத் தேடிப் புதுச்சத்திரம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளைச் சென்றாயன் வீட்டில் விட்டுவிட்டு, கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்துத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நாமக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஊரைத் தாண்டி, சேலம் சாலையில் வண்டிக்காரர்களிடம் வழி கேட்டுக்கொண்டு பொழுது சாய்கிற நேரத்துக்குப் புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்தாள்.

ஆசாரிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"நான் வந்து சொன்னா அது ஆருக்கு எதிரா சொன்ன மாதிரி ஆவும்? இந்தப் பக்கம் எனக்கு வேலை குடுக்கறவங்க பாதிப்பேரு அந்த ஊட்டுக்குச் சொந்தபந்தம், ஒறம்பரைக்காரங்க."

"எதிரா ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. வந்து பாத்துட்டு, பாத்ததச் சொல்லுங்க."

"வேற ஆளப் பாரு தாயி."

"கதவு செஞ்சது நீங்க ஒருத்தருதானுங்களே. வேற ஆள எங்க போய்ப் பாக்க?"

ஆசாரி உள்ளே போய்விட்டார். ஆராயி அவர் வீட்டு வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து பார்த்தபோது, மழைக்கு இடிந்த மாட்டுக் கொட்டகைச் சுவரை ஆசாரியின் மனைவி பொன்னாத்தாள் ஒற்றை ஆளாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆராயி கேட்காமலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் இறங்கி மிதித்தாள். அன்று முழுக்கவும் மறுநாள் பாதிப் பகலும் சுவர் ஏறியது. கதவைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

பொன்னாத்தாள்தான் புருஷனிடம் பேசினாள். "அத்தன தூரம் நடந்து வந்திருக்கறா. கண்ணால பாத்ததச் சொல்றதுக்கு என்ன பயம்? போயிட்டு வாங்க."

ஆசாரி வெகுநேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிறகு தோளில் துண்டை எடுத்துப் போட்டார். "வாரேன். ஆனா அங்க என்ன தெரியுதோ அதத்தான் சொல்லுவேன்."

"அது போதுமுங்க," என்றாள் ஆராயி.

வெள்ளிக்கிழமை கிடங்கில் கூட்டம் இருந்தது. அவரவர் ஏர்க்காலும் தூணும் அடையாளம் சொல்லி, மீட்ட செலவைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வாகைக் கதவின் முறை வந்தபோது வேலியைச் சுற்றி நின்றவர்களெல்லாம் கிட்டே வந்தார்கள். ஒரு பக்கம் ஆத்தாயியும் தங்கசாமியும். மறுபக்கம் ஆராயியும் சடையனும். சடையன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

ஆசாரி கதவைச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார்.

"செஞ்ச கை என்னோடதுதானுங்க," என்றார் ரேஞ்சரிடம். "பெரிய ஊட்டுக்கு ரெட்டைக் கதவும் செஞ்சேன், இவங்களுக்கு ஒத்தைக் கதவும் செஞ்சேன். ஒரே மரம். ஒரே அகலம். ரெட்டைக் கதவா இருந்தா ஓரத்துல ஒண்ணுமேல ஒண்ணு படியற மாதிரி வெட்டு இருக்கும். இதுல ஓரமே தேய்ஞ்சு போச்சு."

"முடிவாக என்ன சொல்கிறீர்கள்?"

ஆசாரி ஆத்தாயியைப் பார்த்தார். பிறகு ஆராயியின் கால்களைப் பார்த்தார். அவர் வீட்டு மண் இன்னும் அந்த நகக்கண்ணில் இருந்தது.

"வெட்டு இருந்த தடம் தெரியலீங்க. அதனால இது இந்தப் பொம்பளையோடதுன்னுதான் எனக்குத் தோணுது."

தங்கசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆத்தாயி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். முகம் இறுகியிருந்தது.

ரேஞ்சர் குறிப்பேட்டை எடுத்தார். "செய்தவரே சொல்லும்போது நான் மறுப்பதற்கில்லை. சின்னுசாமி, கதவை நிறுத்து. அளந்து எழுதிக்கொண்டு இவர்களிடம் ஒப்படைத்துவிடலாம்."

சின்னுசாமியும் சடையனும் கதவைத் தூக்கி நிறுத்தினார்கள். மேலே குடுமி, அதாவது கதவு சுழல்கிற முளை, முழுசாக இருந்தது. கதவின் முகம் ஆராயியைப் பார்த்து நின்றது. எத்தனையோ நாள் கழித்து அது நிமிர்ந்து நிற்பதை அவள் பார்த்தாள். அவளையும் அறியாமல் இடது இடுப்பில் குடம் இருப்பதுபோல உடம்பைச் சாய்த்து வலது கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள்.  இடது ஓரம் விலகி உள்ளே போகும் என்று அவள் கை எதிர்பார்த்தது. குடுமியோ அந்த இடது ஓரத்தில்தான் இருந்தது.

அவள் கை கதவின்மேல் அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள்.

"என்ன ஆராயி?" என்றான் சடையன்.

"எங்க கதவு வலது பக்கமாப் போய்ச் சுவத்துல சாயுமுங்க," என்றாள் அவள், ரேஞ்சரைப் பார்த்து, மெதுவாக. "இதுக்குக் குடுமி இடது பக்கம் இருக்குது. இது இடது பக்கமாத்தான் போவும்."

"அதனால்?"

"இது எங்க கதவு இல்லீங்க. ஆத்தா ஊட்டுதுதான்."

 சடையன் கதவைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தான்.  ஆசாரி துண்டை உதறித் தோளில் மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்படியானால் முதலில் ஏன் உன்னுடையது என்றாய்?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"அப்ப அப்படித்தான் நம்புனேனுங்க. தரையில கெடந்தப்ப எனக்குத் தெரியல. எந்திரிச்சு நின்னப்பறம் தெரியுது."

 ஒரு வாரமாகத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, கைக்கு வந்த நேரத்தில் இல்லாமல் போனது. கண்ணில் நீர் முட்டியது. அதை விழ விடாமல் நிமிர்ந்து, "சாமி, ஒண்ணு கேக்கணுமுங்க" என்றாள்.

"கேள்."

"ஆத்துக்கு அக்கரையும் இருக்குதுங்களே. அந்தப் பக்கம் ஒதுங்குனதெல்லாம் எங்கீங்க?"

ரேஞ்சர் வியப்போடு பார்த்தார். "அக்கரை வேறு தாலுகா. அது வேறு ஆபீஸ். வாங்கலுக்குக் கிழக்கே அவர்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது."

"அங்க தண்டோரா போட்டாங்களா?"

"அவர்கள் தாலுகாவில் போட்டிருப்பார்கள். இங்கே வந்து எப்படிப் போடுவார்கள்?"

"அப்ப எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ரேஞ்சர் ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அங்கே கெடு நாளைக்கு முடிகிறது என்று கேள்வி. போவதென்றால் உடனே போ. மரம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அது தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ" என்றார்.

ஆராயி திரும்பினாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாக்குக்கு இனி அங்கே என்ன மதிப்பு இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அப்போது ஆத்தாயி முன்னால் வந்தாள்.

"நான் வாரேன்."

"ஆத்தா, நீயா?" என்றான் தங்கசாமி. "பண்ணையாள் கதவுக்குச் சாட்சி சொல்ல நீ அக்கரைக்குப் போறியா?"

"எம் மரம். எங்க ஊட்டுக்காரரு குடுத்தாரு. அது எனக்குத்தானே தெரியும்?" ஆத்தாயி மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொரு பக்கத்துக் கதவும் அங்க கெடக்குதான்னு பாக்கணும். நீயும் வா."

மறுநாள் விடிந்ததும் பரிசல் துறையில் நின்றார்கள். ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்துத் தண்ணீர் இன்னும் கலங்கலாகவே ஓடியது. பரிசல்காரர் மாதையன் ஆத்தாயியையும் தங்கசாமியையும் பார்த்தார், தள்ளி நின்ற ஆராயியையும் சடையனையும் பார்த்தார்.

"உங்கள மொதல்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்து இவங்களக் கூட்டிக்கிட்டு வாரனுங்க."

"ஒரே நடையாப் போயிரலாம்," என்றாள் ஆத்தாயி. "நேரம் இல்ல."

பரிசலில் ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்கத்தான் உட்கார முடியும். அக்கரை வரும்வரை தங்கசாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆராயி பாதி தூரம் வந்த பிறகு, "கோச்சுக்காதீங்க ஆத்தா. நேத்து உங்கள எல்லாரு முன்னாலயும் நிக்க வெச்சிட்டேன்" என்றாள்.

"நானுந்தான் உன்ன நிக்க வெச்சேன்," என்றாள் ஆத்தாயி.

வாங்கல் பக்கத்துக் கிடங்கு இதைவிடப் பெரியது. அங்கே பொறுப்பாயிருந்த பாரஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு ஏலத்துக்கு மரங்களைப் பிரித்து எண் போட்டுக்கொண்டிருந்தார். விறகுக்குப் போகிறவை ஒரு குவியல், வேலைக்கு ஆகிறவை இன்னொரு குவியல். ஆராயி வரிசை வரிசையாக நடந்தாள். கடைசியில் விறகுக் குவியலின் அடியில் ஒரு கரிய பலகையின் ஓரம் தெரிந்தது. அவளும் சடையனும் மேலே கிடந்ததைத் தள்ளி அதை இழுத்தார்கள். முழுக் கதவு. மேல் பலகை ஒன்றில் விரிசல். அடியில் தகரம் இல்லை. ஆனால் ஆணி அடித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. சடையன் அதில் விரலை வைத்துப் பார்த்தான்.

"நாந்தான் அடிச்சேன்," என்றான். அன்று விடிந்ததிலிருந்து அவன் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது.

இந்த முறை ஆராயி அவசரப்படவில்லை. கதவை நிறுத்தச் சொன்னாள். குடுமியைப் பார்த்தாள். வலது பக்கம். கையை வைத்து ஒரு முறை தள்ளினாள். பிறகு பாரஸ்டரிடம் போனாள்.

பாரஸ்டர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ஆத்தாயியின் பக்கம் திரும்பினார். "அம்மா, ஆணி ஓட்டை எந்தக் கதவிலும் இருக்கும். மரம் உங்களுடையது. செய்தது உங்கள் ஊர் ஆசாரி. உங்கள் இரட்டைக் கதவில் இடது பக்கம் அக்கரையில் கிடைத்துவிட்டது. இதற்கு வலது பக்கம் குடுமி. அப்படியானால் இது அதன் ஜோடிதானே? இவர்கள் உங்கள் ஆட்கள்தானே? உங்கள் பேரிலேயே எழுதிவிடுகிறேன்."

தங்கசாமி குனிந்து அம்மாவின் காதோரம் சொன்னான். ஆராயிக்கும் அது கேட்டது. "சரின்னு சொல்லு. கீழ ஒரு துண்டு சேத்தா நம்ம நெலைக்குச் சரியா வந்துரும். அவங்களுக்கு வேற ஏதாச்சும் குடுத்துக்கலாம்."

ஆராயி ஆத்தாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாயி கதவுக்கு எதிரில் போய் நின்றாள். உயரமான பெண்பிள்ளை அவள். கதவின் மேல்விளிம்பு அவள் புருவத்தின் உயரத்துக்கு வந்தது.

"எங்க ஊட்ல ஆரும் குனிஞ்சு உள்ள போறதில்லீங்க," என்றாள் பாரஸ்டரிடம். "இது குனிஞ்சு போற ஊட்டுக் கதவு. மரம் எங்களுது, வாஸ்தவம். எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப சடையனுக்குக் குடுத்தது. கதவு அவங்களுது. அவங்க பேர்ல எழுதுங்க."

"யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? நேத்து இவ ஒரு சொல்லச் சொல்லாம இருந்திருந்தா எங் கதவு இவ ஊட்ல இருக்கும்."

பாரஸ்டர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதுகோலை எடுத்தார். "யார் பேர்?"

சடையன் வாய் திறப்பதற்குள், "ஆராயின்னு எழுதுங்க" என்றாள் ஆத்தாயி. சடையன் மறுக்கவில்லை.

மீட்ட செலவைக் கட்ட அவர்களிடம் கையில் ஒன்றும் இல்லை. ஆத்தாயி மடியில் கை வைத்தபோது ஆராயி தடுத்துவிட்டாள். "வேண்டாமுங்க ஆத்தா. எழுதுன பேரு என்னுது." பாரஸ்டரிடம், ஏலத்துக்கு மரம் பிரிக்க ஆள் போதாமல் நிற்பதைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். தானும் புருஷனும் பொழுதுக்கும் மரம் தூக்கிப் போட்டால் அந்தக் கூலியில் கழித்துக்கொள்வாரா என்று கேட்டாள். அவருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

ஆத்தாயி குவியல்களை முழுக்கத் தேடிப் பார்த்தாள். அவள் வீட்டு வலது பக்கக் கதவு அங்கே இல்லை. "கடலுக்கே போயிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு தங்கசாமியோடு பரிசலேறிப் போய்விட்டாள். அந்த வீட்டு வாசலுக்கு இன்னொரு பக்கத்தை வேப்பம்பலகையில் புதிதாகச் செய்து போட்டதும், ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் சிவப்புமாக அந்தக் கதவு வெகுகாலம் இருந்ததும் பிற்பாடு நடந்தது.

மரம் பிரிக்க இறங்கிய பிறகுதான் ஆராயி மற்றதையெல்லாம் பார்த்தாள். வேலைக்கு ஆகிற குவியலில் ஒரு நுகத்தடி. அதன் நடுவில் கயிறு தேய்த்த பள்ளம் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. சென்றாயனின் கோணக்கொம்புக் காளை இழுத்து இழுத்து உண்டான பள்ளம் அது. அதற்கு அப்பால் கீழத்தெரு அங்கமுத்துவின் ஏர். அதற்குப் பக்கத்தில் ஊர் மாரியம்மன் கோயில் உற்சவத்துக்குத் தூக்குகிற சப்பரத்தின் கால் இரண்டு, காவி இன்னும் போகாமல்.

அவள் தூக்கிய கட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, கெடு எப்ப முடியுதுங்க?" என்று பாரஸ்டரைக் கேட்டாள்.

"இன்று பொழுது சாயும்போது. நாளைக்குக் காலையில் ஏலம்."

"இதோ இது எங்க பக்கத்து ஊட்டுக்காரருது. அது கீழத்தெருக்காரருது. அது எங்க ஊரு அம்மனுது. நான் சொன்னாக் குடுப்பீங்களா?"

"உடையவர்கள் வர வேண்டும். நீ சொல்லிக் கொடுக்க முடியாது."

"வந்தாக் குடுப்பீங்களா?"

"பொழுது சாய்வதற்குள் வந்தால்."

ஆராயி வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சடையனிடம் போனாள். "நீங்க இருந்து எம் பங்கையும் சேத்துத் தூக்குங்க. நாம் போயிட்டு வாரேன்."

"கதவு?"

"அது நம்ம பேர்ல இருக்குதுங்க. எங்கயும் போகாது."

துறையில் மாதையன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் கையைக் கழுவிவிட்டுத் துடுப்பை எடுத்தார். மோகனூர்க் கரையில் இறங்கியதும் அவள் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆலந்திட்டில் முதலில் கண்ணில் பட்டவன் சென்றாயன். குடிசைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க நொகத்தடி அக்கரைல கெடக்குது. பொழுதுக்குள்ள வந்தாத்தான் குடுப்பாங்களாம். எந்திரிங்க."

அங்கமுத்து வயலில் இருந்தான். கோயில் பூசாரி காளியண்ணன் நடக்க மாட்டாதவர். மேலத்தெருவில் ஆத்தாயி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தங்கசாமியைக் கூப்பிட்டாள். "வண்டியக் கட்டு. பூசாரியத் தொறை வரைக்கும் கொண்டுபோய் விடு." தங்கசாமி வண்டியைக் கட்டினான். வழியில் தண்டோரா போடுகிறவரைப்போல ஆராயி ஒவ்வொரு தெருவிலும் நின்று நின்று சொல்லிக்கொண்டே போனாள். மரம் போனவர்களெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் துறைக்கு வந்தார்கள்.

மாதையன் அன்றைக்கு எத்தனை நடை போட்டார் என்று அவருக்கே கணக்கில்லை. கடைசி நடையில் பூசாரி பரிசலின் நடுவில் உட்கார, அவரைப் பிடித்துக்கொண்டு ஆராயி உட்கார்ந்தாள். மேற்கே சூரியன் பனைமரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "போய்ச் சேந்துருவமா?" என்று பூசாரி கேட்டார்.

"சேந்துருவமுங்க," என்றாள் ஆராயி. அக்கரையில் சடையன் கரைக்கே வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, பரிசலை இழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.